ஓடாத வண்டியை ஓட விடுவது: டிராக்கிங் சர்வரைச் சோதிக்க எந்தத் தரவு?

வண்டிகள் எங்கே இருக்கின்றன என்று காட்டும் மென்பொருளை எழுதுகிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த நிலை வரும். சர்வர் தயார், வரைபடம் தயார், ஆனால் வண்டியில் பொருத்தி இடத்தைச் சர்வருக்கு அனுப்பும் டிராக்கர் கருவியோ கையில் இரண்டே. ஆயிரம் வண்டி ஒரே நேரத்தில் பேசினால் சர்வர் தாங்குமா, எல்லையைத் தாண்டினால் அலர்ட் சரியாக வருமா என்று தெரிய வேண்டும். அதற்காக ஆயிரம் டிரைவர்களைத் திரட்ட முடியாது. போலித் தரவுதான் வழி.

அதை உண்டாக்கப் பல வழிகள் இருக்கின்றன. நாமே ஸ்கிரிப்ட் (சின்ன நிரல்) எழுதலாம். உண்மையான டிவைஸின் பதிவைத் திரும்ப ஓட்டலாம். கணினியில் போனைப் போலவே நடிக்கும் போன் எமுலேட்டரைப் பயன்படுத்தலாம். போக்குவரத்துச் சிமுலேட்டரிடமிருந்து பாதைகளை வாங்கலாம். செயற்கைக்கோள் சிக்னலையே போலியாக உண்டாக்கலாம். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கேள்விக்கு நல்ல பதில் தரும். வேறு கேள்வியை அதனிடம் கேட்டால், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி ஏமாற்றிவிடும். நான் அப்படி ஏமாந்திருக்கிறேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

என் முதல் சிமுலேட்டர் அறுபது வரி பைத்தான். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நேர்கோடு போடும், 10 விநாடிக்கு ஒரு முறை லொகேஷன் அனுப்பும், போய்ச் சேர்ந்ததும் அரை மணி நேரம் நிற்கும், அப்புறம் திரும்பி வரும். ஐம்பது வண்டிகள் வரைபடத்தில் வழுக்கிக்கொண்டு போவதைப் பார்க்க மனசுக்கு நிறைவாக இருந்தது. டெஸ்ட் எல்லாம் பச்சை. பிறகு முதல் உண்மை டிராக்கரை ஒரு வேனில் பொருத்தினோம். வேன் ராத்திரி முழுக்க ஷெட்டுக்குள் நின்றது. காலையில் அறிக்கையைத் திறந்தால், அது ராத்திரி பல கிலோமீட்டர் ஓடியிருந்தது. நடுவே ஏழெட்டுப் பயணங்கள் வேறு.

என் ஸ்கிரிப்டில் நின்ற வண்டி, தசமப் புள்ளிக்குப் பின் ஏழாவது இலக்கம் வரை அசையாமல் நின்றது. உண்மையான ஜிபிஎஸ் அப்படி நிற்பதில்லை. கூரைக்குக் கீழே, சுவரில் பட்டுத் திரும்பி வரும் சிக்னலை வைத்து அது கணக்குப் போடுகிறது. அதனால் புள்ளி மெதுவாக நகரும், பத்திருபது மீட்டர் போகும், திரும்பி வரும். அந்த நகர்வை எல்லாம் என் சர்வர் ஒன்றுவிடாமல் கூட்டிக்கொண்டே போயிருந்தது.

சரி, சிமுலேட்டரிலும் கொஞ்சம் பிழை சேர்க்கலாம் என்று ஒவ்வொரு புள்ளியையும் ஐந்து மீட்டர் இப்படியும் அப்படியும் தள்ளிவிட்டேன். அதைச் சமாளிக்கச் சர்வரில் ஒரு ஃபில்டர் எழுதினேன். டெஸ்ட் மறுபடி பச்சை, வேன் மறுபடி ராத்திரியில் ஓடியது. எனக்குப் புரிய நாளானது இதுதான்: ஜிபிஎஸ் பிழைக்கு நினைவு உண்டு. இந்த விநாடி கிழக்கே எட்டு மீட்டர் தள்ளி இருந்தால், அடுத்த விநாடியும் கிட்டத்தட்ட அங்கேயேதான் இருக்கும். தாறுமாறான பிழையைச் சராசரி எடுத்தால் அது கரைந்துவிடும். மெதுவாக நகரும் பிழை சராசரியில் கரையாது. முந்தைய பிழையில் 98 சதவீதத்தை வைத்துக்கொண்டு அதன் மேல் ஒரு சின்னத் தள்ளலைச் சேர்ப்பது ஒரே வரி வேலை. அதைச் செய்த பிறகுதான் என் போலி வண்டி உண்மை வண்டி மாதிரி நிற்கக் கற்றுக்கொண்டது.

ஸ்கிரிப்ட்: எழுத எளிது, நம்பக் கடினம்

கையால் எழுதும் ஸ்கிரிப்டை நான் ஒதுக்கவில்லை. இன்றும் அதிகம் ஓட்டுவது அதைத்தான். டிராக்கார் என்ற திறந்தமூலச் சர்வரை எடுத்துக்கொண்டால், அதில் ஆஸ்மாண்ட் என்ற நெறிமுறைக்கு (டிவைஸும் சர்வரும் பேசிக்கொள்ளும் மொழி) 5055-ஆம் போர்ட் (இணைப்பு வந்து சேரும் வாசல்) இருக்கிறது. டிவைஸ் எண், அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம் இவற்றை இணைய உலாவி அனுப்புவது போன்ற ஒரு சாதாரண எச்டிடிபி கோரிக்கையில் வைத்து அனுப்பினால் வரைபடத்தில் வண்டி வந்துவிடும். சோதனைக்கான சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் அவர்களுடைய மூலநிரலிலேயே கூட இருக்கிறது. அரை மணி நேரத்தில் வேலை முடியும்.

அலர்ட் விதிகளைச் சோதிக்க இதை மிஞ்சிய வழி இல்லை. ஜியோஃபென்ஸுக்கு (வரைபடத்தில் நாம் வரையும் எல்லை) ஒரு மீட்டர் உள்ளே ஒரு புள்ளி, ஒரு மீட்டர் வெளியே ஒரு புள்ளி என்று வேண்டிய இடத்தில் வேண்டியபடி வைக்கலாம். வேக வரம்பு 80 என்றால் 79, 80, 81 மூன்றையும் அனுப்பிப் பார்க்கலாம். (டிராக்கார் வேகத்தை நாட் அலகில்தான் வைத்துக்கொள்ளும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். இதை மறந்து மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் நிறைய பேர்.) எதிர்பார்க்கும் விடை முன்கூட்டியே தெரிந்த சோதனைக்கு ஸ்கிரிப்ட் போதும்.

சிக்கல், எச்டிடிபியை விட்டு உண்மையான டிராக்கர்களின் பைனரி மொழிக்குப் போகும்போது தொடங்குகிறது. டெல்டோனிகா நிறுவன டிராக்கர்களின் கோடெக் 8 என்ற நெறிமுறை எப்படிப் பேசும் என்று பாருங்கள். டிவைஸ் முதலில் 15 என்ற நீளத்தை இரண்டு பைட்டில் அனுப்பி, தொடர்ந்து தன் அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை அனுப்பும். ஏற்றுக்கொண்டால் சர்வர் 1 என்று ஒரே ஒரு பைட் திருப்ப வேண்டும். அதன் பிறகுதான் தரவு வரும்: நான்கு சுழியப் பைட்டுகள், நீளம், 8 என்ற கோடெக் எண், எத்தனை பதிவுகள் என்ற கணக்கு, பதிவுகள், அதே கணக்கு இன்னொரு முறை, கடைசியில் சிஆர்சி (தரவு வழியில் சிதையவில்லை என்று சரிபார்க்கும் எண்). எத்தனை பதிவுகளை வாங்கிக்கொண்டேன் என்று சர்வர் நான்கு பைட்டில் பதில் சொல்ல வேண்டும். அந்த எண் பொருந்தவில்லை என்றால் டிவைஸ் அதே பதிவுகளை மறுபடி அனுப்பும்.

ஒவ்வொரு பதிவிலும் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை இரண்டாவது. பழக்கத்தில் அட்சரேகையை முதலில் எழுதுகிறவர் சிமுலேட்டரில் மாற்றி வைப்பார். அவரே சர்வரை எழுதினால் அங்கேயும் மாற்றிப் படிப்பார். இரண்டு தவறும் ஒன்றையொன்று ஈடு செய்துகொள்ளும், சோதனை பாஸாகும். ஸ்கிரிப்ட் வழியின் ஆழமான குறை இதுதான். ஆவணத்தை நாம் எப்படிப் புரிந்துகொண்டோமோ அப்படித்தான் சிமுலேட்டர் பேசும். புரிதலே தவறாக இருந்தால் அதைச் சுட்டிக்காட்ட அங்கே மூன்றாவது ஆள் இல்லை.

பதில் பைட்டுகளின் கதையும் அப்படியே. அவசரத்தில் எழுதிய சிமுலேட்டர் சர்வரின் பதிலைப் படிக்காது, அனுப்பிக்கொண்டே இருக்கும். அப்படியானால் சர்வர் தப்பான எண்ணைத் திருப்பினாலும் தெரிய வராது. உண்மையான டிவைஸை மாட்டியதும் அதே பதிவுகள் திரும்பத் திரும்ப வந்து டேட்டாபேஸை நிரப்பும்போதுதான் தெரியும். ஸ்கிரிப்ட் எழுதுவதென்றால் பதிலுக்குக் காத்திருக்கிற, வராவிட்டால் மறுபடி அனுப்புகிற ஸ்கிரிப்டாக எழுதுங்கள். வரிகள் இரண்டு மடங்காகும், பரவாயில்லை.

இதே மொழியில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. செயற்கைக்கோள் கிடைக்காத நேரத்தில் டிவைஸ் பதிவு அனுப்பாமல் இருப்பதில்லை. கடைசியாகத் தெரிந்த இடத்தையே போட்டு, செயற்கைக்கோள் எண்ணிக்கை, வேகம், திசை மூன்றையும் சுழியமாக்கி அனுப்பும். அதைப் புதிய இடம் என்று எடுத்துக்கொள்ளும் சர்வர், சுரங்கப்பாதைக்குள் போன வண்டி வாசலிலேயே நிற்கிறது என்று அலர்ட் அனுப்பும். இப்படி ஒரு பதிவைப் போட வேண்டும் என்று சிமுலேட்டர் எழுதும் யாருக்கும் தானாகத் தோன்றாது.

ஜிடி06 வகை டிராக்கர்களில் ஆயத்தொலைவு 18,00,000-ஆல் பெருக்கிய முழு எண்ணாக வரும். வடக்கா தெற்கா, கிழக்கா மேற்கா என்பது அந்த எண்ணில் இருக்காது. திசையைச் சொல்லும் பைட்டுகளில் தனி பிட்டாக இருக்கும். உங்கள் போலி வண்டிகள் எல்லாம் பூமியின் ஒரே கால்பகுதியில் ஓடினால் அந்த பிட்டுகளைப் படிக்கும் வரிகள் ஒரு முறைகூட சோதிக்கப்படாது. நான்கு கால்பகுதிகளிலும் ஒவ்வொரு வண்டியை விட்டுப் பாருங்கள்.

பதிவைத் திரும்ப ஓட்டுவது

ஒரே ஒரு வழியைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். உண்மையான டிவைஸ் அனுப்பிய பைட்டுகளை அப்படியே பதிந்து வைத்து, வேண்டும்போது சர்வருக்குத் திரும்ப ஊட்டுவது.

இங்கே அழுத்தம் 'அப்படியே' என்ற சொல்லில். பலர் டேட்டாபேஸில் இருக்கும் லொகேஷன்களை எடுத்து மறுபடி அனுப்புவதை ரீப்ளே என்கிறார்கள். அது பாதிதான். டேட்டாபேஸுக்கு வந்தவை சர்வர் ஏற்கெனவே புரிந்துகொண்டவை. புரியாமல் தூக்கிப் போட்டவை, பாதியில் அறுந்தவை, இரண்டு முறை வந்தவை எதுவும் அங்கே இருக்காது. நமக்கு வேண்டியதோ அவைதான். அதனால் போர்ட்டுக்கும் சர்வருக்கும் நடுவே ஒரு சின்ன இடைநிரலை வைத்து, வந்த பைட்டுகள், எந்த இணைப்பில் வந்தன, எந்த மில்லிவிநாடியில் வந்தன என்று மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். இணைப்பு அறுந்த நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதப் பதிவைத் திறந்து பார்த்தால் எந்த ஸ்கிரிப்டிலும் இல்லாத உலகம் தெரியும். வண்டி அடித்தளத்தில் நின்ற நேரத்தில் டிவைஸ் சேமித்த நானூறு பதிவுகள் வெளியே வந்ததும் ஒரே மூச்சில் கொட்டும். சில டிவைஸ் பழையதிலிருந்து தொடங்கும், சிலது புதியதிலிருந்து பின்னோக்கிப் போகும். மூன்று மணி நேரம் முந்தைய எல்லை மீறலுக்கு இப்போது அலர்ட் அனுப்புவதா வேண்டாமா என்ற கேள்வி அப்போதுதான் எழும். பேட்டரி கழன்று மாட்டியதும் நேரம் தவறாக வரும் முதல் பதிவு, இரண்டு ரேகையும் சுழியமாக வந்து வண்டியைக் கடல் நடுவே கொண்டுபோய் நிறுத்தும் பதிவு, எல்லாம் இருக்கும். ஜிபிஎஸ் வாரக் கணக்கு 10 பிட் என்பதால் 1024 வாரத்துக்கு ஒரு முறை சுழியத்துக்குத் திரும்புகிறது. கடைசியாக அப்படி நடந்தது 2019 ஏப்ரலில், அடுத்தது 2038 நவம்பரில். அதைச் சரியாகக் கையாளாத பழைய டிவைஸ் கிட்டத்தட்ட 19.6 ஆண்டுகள் பின்னால் இருக்கும் தேதியை அனுப்பும். அந்தத் தேதி அறிக்கைக்குள் நுழைந்தால் 'கடந்த மாதம் முதல் இன்றுவரை' என்ற கணக்கு எல்லாம் குழம்பும்.

சர்வரைக் கவிழ்ப்பது வண்டி போன இடத்தைவிட, செய்தி வந்த நேரமும் வராமல் போன நேரமும்தான் என்று நான் நம்பத் தொடங்கியது இப்படிப்பட்ட பதிவுகளைப் படித்துத்தான்.

ரீப்ளேக்கும் செலவு உண்டு. பதிவில் இருக்கும் தேதி பழையது, சர்வருக்கு அது இன்றைய தேதியாக வேண்டும். எல்லா நேரத்தையும் ஒரே அளவு முன்னே தள்ள வேண்டும், தள்ளினால் சிஆர்சியையும் மறுபடி கணக்கிட வேண்டும். ஏழின் மடங்கான நாட்கள் தள்ளினால் திங்கள் திங்களாகவே இருக்கும், வாராந்தர அறிக்கையின் வடிவம் மாறாது. டிவைஸ் நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியை மட்டும் தொடாதீர்கள், அந்த இடைவெளிக்காகத்தான் இவ்வளவு பாடு. சீக்கிரம் முடியட்டும் என்று 60 மடங்கு வேகத்தில் ஓட்டினால் சர்வரின் டைம்அவுட் (இவ்வளவு நேரம்தான் காத்திருப்பேன் என்ற வரம்பு) எதுவும் வேலை செய்யாது. இணைப்புகளைப் பற்றிய சோதனை என்றால் உண்மையான வேகத்தில்தான் ஓட்ட வேண்டும், ராத்திரி போட்டுவிட்டுப் போய்விடலாம்.

இன்னொன்று தனியுரிமை. பதிவில் இருப்பது ஒருவருடைய நடமாட்டம். பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். 15 லட்சம் பேரின் செல்போன் தரவை வைத்து 2013-இல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வெளிவந்த ஆய்வு, நேரமும் இடமும் சேர்ந்த நான்கு புள்ளிகள் தெரிந்தாலே 95 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று காட்டியது. வாடிக்கையாளரின் வண்டிப் பதிவை டெவலப்பர்களின் லேப்டாப்புகளில் சுற்றவிடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம்முடைய டிராக்கரை, சம்மதித்த நம் ஆள் ஒருவரின் வண்டியில் மாட்டிப் பதிவு எடுப்பதுதான் நேர்மையான வழி. ஒரே பதிவின் ஐஎம்இஐ எண்ணை மாற்றி மாற்றி ஐந்நூறு வண்டிகளாக்கலாம். அப்போது ஒவ்வொன்றையும் சில நிமிடம் தள்ளித் தொடங்குங்கள், இல்லையென்றால் ஐந்நூறும் ஒரே விநாடியில் அனுப்பும்.

பொதுவில் கிடைக்கும் தொகுப்புகளும் இருக்கின்றன. பெய்ஜிங்கின் 10,357 டாக்ஸிகள் 2008 பிப்ரவரியில் ஒரு வாரம் ஓடிய டி-டிரைவ், 182 பேரின் பயணங்களை 2007 முதல் 2012 வரை பதிந்த ஜியோலைஃப், போர்ட்டோ நகரின் 442 டாக்ஸிகள் ஓராண்டு ஓடிய தொகுப்பு இவை தெரிந்த பெயர்கள். பாதையைச் சாலையோடு ஒட்டவைக்கும் நிரலுக்கும் டேட்டாபேஸின் வேகத்தைப் பார்க்கவும் அருமையானவை. ஆனால் டி-டிரைவில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே சராசரியாக 177 விநாடி இடைவெளி. இவற்றில் எதிலும் பைட்டுகள் இல்லை, அறுந்த இணைப்புகள் இல்லை. நெறிமுறையைச் சோதிக்க இவை உதவாது.

போன், போக்குவரத்துச் சிமுலேட்டர், ரேடியோ

உங்கள் டிராக்கர் ஒரு போன் ஆப் என்றால் எமுலேட்டர் கட்டாயம் வேண்டும். ஆண்ட்ராய்டு எமுலேட்டரில் ஜிபிஎக்ஸ் கோப்பை (பாதையின் புள்ளிகளை எழுதி வைத்த கோப்பு) கொடுத்து ஓட்டலாம், அல்லது கட்டளை வரியிலிருந்து ஒரு புள்ளியை வைக்கலாம். அந்தக் கட்டளையும் தீர்க்கரேகையைத்தான் முதலில் கேட்கும். ஐபோன் சிமுலேட்டரில் நகரத்தில் ஓடுவது, சைக்கிளில் போவது, நெடுஞ்சாலையில் காரில் போவது என்று தயாராக வைத்திருக்கிறார்கள். திரை சரியாக வரைகிறதா என்று பார்க்க இது போதும். ஆனால் போன் ஆப்புகள் பெரும்பாலும் விழுவது, பின்னணியில் ஓடும்போது பேட்டரியைக் காக்க இயங்குதளம் அவற்றை உறங்க வைப்பதால். மேசையில் சார்ஜரோடு இருக்கும் எமுலேட்டரில் அது தெரியாது. பழைய போன் ஒன்றைப் பையில் போட்டு ஒரு நாள் முழுக்கத் திரிவதுதான் அதற்குச் சோதனை.

ஜெர்மன் விண்வெளி மையம் வளர்த்த சுமோ என்ற போக்குவரத்துச் சிமுலேட்டர், சிக்னலில் நிற்பது, முன்னால் போகும் வண்டிக்குப் பின்னால் ஊர்வது எல்லாவற்றையும் கணக்கிட்டு விநாடிக்கு விநாடி ஒவ்வொரு வண்டியின் இடத்தையும் தரும். வந்து சேரும் நேரத்தை முன்கூட்டிச் சொல்வதோ நெரிசலைக் காட்டுவதோ உங்கள் மென்பொருளின் வேலை என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் டிராக்கிங்குக்கு அதைக் கற்றுக்கொள்ளும் உழைப்பு வீண். வழி சொல்லும் எஞ்சின் ஏதாவது ஒன்றிடம் பாதை வாங்கி ஸ்கிரிப்டில் ஓட்டினாலே போதும்.

ரேடியோ அலையிலேயே போலி ஜிபிஎஸ் சிக்னலை உண்டாக்குவது டிவைஸுக்குள் ஓடும் நிரலான ஃபர்ம்வேர் எழுதுகிறவர்களுக்கான வேலை. சர்வர் எழுதுகிறவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டிய தேவையே இல்லை. அந்த அலைவரிசையில் காற்றில் ஒலிபரப்புவது பெரும்பாலான நாடுகளில் குற்றம். அருகில் இருக்கும் உண்மை வண்டிகளும் போன்களும் வழி தவறும். செய்தே ஆக வேண்டும் என்றால் கேபிள் வழியாக, சிக்னல் வெளியே கசியாத பெட்டிக்குள்.

எண்ணிக்கையும் வலையும்

ஆயிரக்கணக்கில் இணைப்புகளைத் திறந்து பார்க்கும் சோதனைக்கு ஸ்கிரிப்டும் ரீப்ளேயும் இரண்டுமே உதவும், ஆனால் சோதிக்கும் கணினியே முதலில் மூச்சுவாங்கும். லினக்ஸில் வெளியே போகும் இணைப்புகளுக்கு இயல்பாக ஒதுக்கிய போர்ட்டுகள் 32768 முதல் 60999 வரை, அதாவது 28,232. ஒரே முகவரியிலிருந்து ஒரே சர்வர் போர்ட்டுக்கு அதற்கு மேல் திறக்காது. சர்வர் 28 ஆயிரத்தோடு திணறுகிறது என்று முடிவு கட்டும் முன், திணறுவது எந்தப் பக்கம் என்று பாருங்கள். சோதிக்கும் கணினிக்குக் கூடுதலாக இரண்டு மூன்று ஐபி முகவரிகள் கொடுத்தால் தீரும்.

உண்மையான வலை செய்யும் தொல்லைகளைச் சேர்க்க டாக்ஸிபிராக்ஸி என்ற நிரல் கைகொடுக்கும். நடுவில் உட்கார்ந்து தரவைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி அனுப்பும். ஒரு பாக்கெட் ஒரே வாசிப்பில் முழுசாக வரும் என்று நினைத்து எழுதிய பார்சர் (பைட்டுகளைப் பிரித்துப் படிக்கும் நிரல்) அங்கேயே மாட்டிக்கொள்ளும். மொபைல் வலையில் இப்படித் துண்டாக வருவது அன்றாடம். இன்னொன்று, சொல்லாமல் போகும் இணைப்பு. வண்டி சிக்னல் இல்லாத இடத்துக்குள் போனால் இணைப்பு மூடப்படாது, வெறுமனே மௌனமாகும். லினக்ஸின் இயல்பு நிலையில், இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று விசாரிக்கும் கீப்அலைவை இயக்கியிருந்தாலும் முதல் விசாரிப்பு 7200 விநாடி கழித்துத்தான். இரண்டு மணி நேரம் அந்த வண்டி ஆன்லைன் என்று பச்சை விளக்கு எரியும். சிமுலேட்டரை நிறுத்திப் பார்த்தால் இது தெரியாது, ஏனென்றால் நிரல் முடியும்போது இயங்குதளமே இணைப்பை முறையாக மூடிவிடுகிறது. வலையை நடுவில் மறித்துத்தான் பார்க்க வேண்டும்.

எதை முதலில் செய்வது

இன்று தொடங்கும் குழு என்றால், விதிகளைச் சோதிக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதுங்கள். அதே வாரத்தில், சர்வருக்கு முன்னால் பைட்டுகளைப் பதியும் இடைநிரலையும் வைத்துவிடுங்கள், பதிவை எப்படிப் பயன்படுத்தப் போகிறோம் என்று தெரியாவிட்டாலும் சரி. பதியாமல் விட்ட மாதம் திரும்பி வராது. ஆதரிக்கும் ஒவ்வொரு மாடலிலும் ஓர் உண்மை டிராக்கர் எப்போதும் ஓடட்டும், ஒன்று ஜன்னலோரம், ஒன்று யாராவது ஒருவரின் வண்டியில்.

ஏற்கெனவே வாடிக்கையாளர்கள் இருக்கும் குழு என்றால் ஸ்கிரிப்டில் நேரத்தைச் செலவிடாமல் நேராக ரீப்ளேக்குப் போங்கள். இதுவரை வந்த பக் ஒவ்வொன்றுக்கும் காரணமான பைட்டுகளைப் பிடித்து, வாடிக்கையாளரின் ஐஎம்இஐயையும் இடத்தையும் மாற்றிவிட்டு, ஒரு கோப்பாக வைத்தால் ஓராண்டில் நல்ல சோதனைத் தொகுப்பு தானாகச் சேரும்.

போலி டிவைஸ்களுக்கு ஐஎம்இஐ எண் கொடுக்கும்போது ஒரு தனி வரிசையை ஒதுக்கி, ப்ரொடக்‌ஷன் சர்வர் அந்த வரிசையை ஏற்காதபடி அன்றே பூட்டிவிடுங்கள். ஒரு முறை எங்கள் போலி எண் ஒன்று உண்மையான ஒரு வண்டியின் எண்ணோடு ஒத்துப்போனது. இரண்டும் மாறி மாறி இணைந்துகொண்டிருந்தன. அந்த டிரைவரின் முதலாளி, வண்டி ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எங்கேயோ தாவிப் போய்த் திரும்புகிறதே என்று போன் செய்து, டிரைவர் டிராக்கரைக் கழற்றி விளையாடுகிறாரா என்று கேட்டார். இல்லை, தவறு எங்களுடையது என்று அன்றே அவரிடம் சொன்னோம். அந்த டிரைவரிடமும் தனியாகப் பேசினோம்.